அட்டப்பாடியில் ரேஷன் அரிசி வருகிறது, ஆனாலும் சாப்பாடு ஏன் பத்துவதில்லை?

சமூகப்பணி படிக்கும் மாணவி ஒருவர் களப்பணிக்குப் போகும் முன் கேட்டிருக்கிறார்: "பழங்குடி ஊர்களில் ரேஷன் அரிசி இலவசமாகக் கிடைக்கிறது. அங்கன்வாடி இருக்கிறது, நூறு நாள் வேலை இருக்கிறது. அப்புறமும் சத்துக்குறைவு, பட்டினி என்று செய்தி வந்துகொண்டே இருக்கிறதே, ஏன்? குடியும் விழிப்புணர்வு இல்லாததும்தான் காரணம் என்று வகுப்பில் பேசிக்கொண்டோம். சரியா?"

சரியில்லை. குடியும் ஒரு காரணம்தான், அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன். ஆனால் முதலில் வைத்துப் பேச வேண்டியது நிலம். அடுத்தது, நிலம் போன பிறகு வீட்டுச் சாப்பாடு முழுக்கக் கூலிக்காசை நம்பி நிற்க வேண்டி வந்தது. மற்ற காரணங்களில் பெரும்பாலானவை இந்த இரண்டில் இருந்து கிளைத்தவை.

பழங்குடியினர் என்று பொத்தாம்பொதுவாகப் பேசினால் எதுவும் விளங்காது. நீலகிரித் தோடர் வீட்டு அடுப்பும் ஒடிசா மலையில் இருக்கும் கோந்தர் வீட்டு அடுப்பும் ஒன்றல்ல. அதனால் ஒரே ஓர் இடத்தை எடுத்துக்கொள்கிறேன். கோயம்புத்தூரில் இருந்து மேற்கே ஆனைகட்டி வழியாக எல்லையைத் தாண்டினால் வரும் அட்டப்பாடி. ஆனைகட்டிப் பக்கம் விவசாய வேலையாக நெடுநாள் இருந்தவன் என்பதால் எனக்குப் பழகிய மலை அது. கோவை குடிக்கும் சிறுவாணித் தண்ணீருக்கான அணையும் அந்த மலைப்பக்கம்தான் இருக்கிறது. பாலக்காடு மாவட்டம், அகளி, புதூர், சோலையூர் என்று மூன்று பஞ்சாயத்துகள், 190 ஊர்களுக்கு மேல். இருளர், முடுகர், குறும்பர் என்று மூன்று சமூகங்கள். இருளர்தான் அதிகம். அவர்கள் பேச்சு தமிழுக்கு மிக நெருக்கம், கொஞ்ச நேரம் காது கொடுத்தால் நமக்குப் புரிந்துவிடும். குறும்பர் புதூர்ப் பக்கத்து அடர்காட்டில் இருக்கிறார்கள்.

2012, 2013-இல் இந்த மலையில் பச்சைக் குழந்தைகள் அடுத்தடுத்து இறந்தன. கேரளத்தில் ஆயிரம் பிறப்புக்கு 12 சிசு மரணம் என்று இருந்த காலம் அது, இந்திய அளவில் 42. நாட்டுக்கே எடுத்துக்காட்டு என்று சொல்லப்பட்ட மாநிலத்தில், ஒரே ஒரு மலைப்பகுதியில் குழந்தைகள் எடை இல்லாமல் பிறந்து, சில நாளில், சில வாரத்தில் போனார்கள். அப்போது ஒன்றிய அமைச்சராக இருந்த ஜெயராம் ரமேஷ் வரைக்கும் நேரில் வந்து பார்த்தார். குழுக்கள் வந்தன, அறிக்கைகள் வந்தன. எல்லாவற்றிலும் திரும்பத் திரும்ப வந்த செய்தி: தாய்மாருக்குக் கடுமையான ரத்தசோகை, குழந்தை பிறக்கும்போதே எடை குறைவு. பிறப்பதற்கு வெகு முன்பே, தாயின் தட்டிலேயே குறை தொடங்கிவிட்டது.

சரி, அந்தத் தட்டில் என்ன இருந்தது? ரேஷனில் இருந்தே கணக்குப் போடுவோம். மிக ஏழை வீடுகளுக்குக் கொடுக்கும் அந்தியோதயா அட்டைக்கு மாதம் 35 கிலோ தானியம், அதில் பெரும்பகுதி அரிசி. இது வீட்டுக்குத்தானே தவிர ஆளுக்கு இல்லை. தாத்தா பாட்டி, கணவன் மனைவி, மூன்று பிள்ளைகள் என்று ஏழு பேர் இருக்கும் வீட்டை வைத்துக்கொள்ளுங்கள். காட்டிலும் தோட்டத்திலும் உடம்பால் உழைக்கிறவர்களுக்குத் தொட்டுக்கொள்ளக் காயும் பருப்பும் குறைவு என்பதால் சோறு அதிகம் வேண்டும். குழந்தைகளையும் சேர்த்துச் சராசரியாக ஆளுக்கு 350 கிராம் என்றாலும் நாளைக்கு இரண்டரை கிலோ. அரிசி பதினான்கு நாளில் தீரும். மீதி பதினாறு நாளுக்குக் கடைதான். இலவச அரிசியால் பாதி மாதம் ஓடுகிறது; அது சின்ன உதவி இல்லை, அந்த அரிசி இல்லாவிட்டால் நிலைமை இன்னும் மோசமாகும். ஆனால் எண்ணெய், பருப்பு, உப்பு, மிளகாய், வெங்காயம், முட்டை எல்லாம் காசு கொடுத்து வாங்க வேண்டியவை. கையில் காசு குறைந்தால் முதலில் நிற்பது முட்டையும் பருப்பும். சோறு மட்டும் கடைசிவரை தொடரும். அதனால் வெளியில் இருந்து பார்க்கிறவருக்கு இந்த வீட்டில் பட்டினி தெரியாது. மூன்று வேளையும் சோறு, கூட உப்பும் மிளகாயும் கரைத்த ரசம். வயிறு நிரம்புகிறது, ரத்தம் ஊறுவதில்லை.

இதே வீட்டின் இரண்டு தலைமுறைக்கு முந்தைய சாப்பாட்டைச் சொல்கிறேன். அட்டப்பாடியில் பஞ்சக்காடு என்று ஒரு விவசாயம் இருந்தது. குறும்பர் ஊர்களில் இன்னும் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது. சரிவில் ஒரு துண்டுக் காட்டை வெட்டிக் காயவிட்டுத் தீ வைத்து, கோடை மழை விழுந்ததும் ராகி, சாமை, தினை, துவரை, அவரை, சோளம், கீரை விதை, கடுகு, பூசணி எல்லாவற்றையும் ஒரே கொல்லையில் விதைப்பார்கள். ஒரு கொல்லையில் சில வருஷம் பயிர் செய்துவிட்டு அதை ஆறப்போட்டு அடுத்த துண்டுக்குப் போவார்கள். ஊருக்கு மூப்பன் தலைவர். பண்டாரி ஊர்ப்பொதுவான தானியத்துக்கும் காசுக்கும் பொறுப்பு. குருதலை மூப்பனுக்குத் துணை. மண்ணுக்காரன் என்று இன்னொருவர் உண்டு; மண்ணின் பதம் பார்ப்பதும், எங்கே எப்போது விதைக்கலாம் என்று சொல்வதும், முதல் விதையைத் தூவுவதும் அவர் வேலை. விதைப்பின்போது கம்பளம் நடக்கும். பொறையும் தவிலும் கொகலும் ஜால்ராவும் முழங்க, ஊரே ஆடிக்கொண்டும் கொத்திக்கொண்டும் ஒரே நாளில் பெரிய கொல்லையை விதைத்து முடித்துவிடும்.

இந்த ஏற்பாடு எப்படி வேலை செய்தது என்பதைக் கவனியுங்கள். ஒரு பயிர் ஏமாற்றினால் இன்னொன்று கைகொடுக்கும். சாமை முந்தி வரும், ராகி பிந்தி வரும், துவரை அதற்கும் பின்னால் வரும். எல்லாம் ஒரே நேரத்தில் காலியாவதில்லை. விதைக்காமலே முளைக்கும் குப்பைக்கீரை, பண்ணைக்கீரை, மணத்தக்காளி எல்லாம் களை எடுக்கும்போதே மடியில் சேரும். காட்டில் நூறைக் கிழங்கும் கவலைக் கிழங்கும் தேனும் உண்டு, ஆற்றில் மீன் உண்டு. ராகியில் 100 கிராமுக்குச் சுமார் 350 மில்லிகிராம் கால்சியம் இருக்கிறது. தீட்டிய அரிசியில் பத்துக்கும் கீழே. களியும் கீரையும் அவரைக்கொட்டையும் தின்ற தாய்க்கும் வெறும் சோறு தின்கிற தாய்க்கும் உள்ள வித்தியாசம் பிரசவ அறையில் தெரிகிறது. இன்றைக்கு அட்டப்பாடித் துவரைக்கும், ஆட்டுக்கொம்பு போல வளைந்திருக்கும் ஆட்டுக்கொம்பு அவரைக்கும் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது, 2022-இல். மகிழ்ச்சிதான். ஆனால் அந்த அவரை பக்கத்து வீட்டுக் குழந்தையின் தட்டில் விழுகிறதா என்றுதான் எனக்குக் கேட்கத் தோன்றுகிறது.

பஞ்சக்காடு ஏன் போனது? யாரும் வெறுத்து விட்டுவிடவில்லை, அதற்கான நிலம் கையை விட்டுப் போனது. 1951 கணக்கெடுப்பின்போது அட்டப்பாடியில் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் பழங்குடியினர். 2001-க்குள் பாதிக்கும் கீழே இறங்கிவிட்டார்கள். அவர்கள் எண்ணிக்கை குறையவில்லை, வெளியில் இருந்து வந்தவர்கள் பெருகினார்கள். மலை முழுவதும் காகிதத்தில் மண்ணார்க்காடு மூப்பில் நாயர் போன்ற ஜன்மிகளுக்கு, அதாவது பெரும் நில உடைமைக்காரர்களுக்குச் சொந்தம். காலங்காலமாக உழுதவர்கள் கையில் எந்தக் காகிதமும் இல்லை. மேற்கே இருந்து மலையாளிகளும், கிழக்கே இருந்து நம்ம தமிழ்ச் சாதிக்காரர்களும் ஏறி வந்தார்கள். இதை நாம் மறைக்காமல் ஒப்புக்கொள்ள வேண்டும். அட்டப்பாடியில் நிலம் சேர்த்தவர்களில் கோவைப் பக்கத்துத் தமிழர்களும் கணிசமாக இருந்தார்கள்.

கைமாறிய விதம் ரொம்பச் சாதாரணமானது. ஆடி மாதம் வீட்டில் தானியம் இல்லை. கடைக்காரர் நெல்லும் உப்பும் புகையிலையும் துணியும் கடனாகக் கொடுப்பார். அடுத்த அறுவடை பத்தாது, கடன் ஏறும். "இந்தத் துண்டை ரெண்டு வருஷம் நான் உழுதுக்கிறேன், கடன் கழிஞ்சிடும்" என்பார். வாய்ப்பேச்சுதான், அல்லது வெள்ளைத்தாளில் ஒரு கைநாட்டு. பிறகு நிலச்சீர்திருத்தச் சட்டம் வந்தபோது உழுகிறவருக்கே நிலம் என்று ஆனது. ஏட்டில் உழுகிறவராக இருந்தது குத்தகைக்கு எடுத்த குடியேறி. ஏழைக்கு நிலம் கொடுக்க வந்த சட்டம் இந்த மலையில் பல இடங்களில் பழங்குடியினரின் நிலத்தை எடுத்தவருக்கே உறுதி செய்துகொடுத்தது. 1960-க்கும் 1980-க்கும் இடையில் பத்தாயிரம் ஏக்கருக்கு மேல் இப்படிக் கைமாறியது என்று அரசின் பழங்குடி மேம்பாட்டுத் திட்ட அலுவலகக் கணக்கே சொல்கிறது.

மீட்கச் சட்டம் இல்லாமல் இல்லை. பழங்குடி நிலத்தை மீட்டுத் தர 1975-இல் கேரளச் சட்டமன்றம் சட்டம் போட்டது. அதற்கு விதிமுறை எழுதவே 1986 வரை ஆனது. எழுதிய பிறகும் நடத்தவில்லை. 1999-இல் வேறு சட்டம் கொண்டுவந்தார்கள். இரண்டு ஹெக்டேர் வரை வைத்திருக்கும் குடியேறி நிலத்தைத் திருப்பித் தர வேண்டாம், பழங்குடியினருக்கு வேறு இடத்தில் மாற்று நிலம் தரப்படும் என்று அதில் இருந்தது. 2009-இல் உச்ச நீதிமன்றம் அதைச் செல்லும் என்றது. ஆற்றோரத்து நல்ல மண்ணுக்குப் பதிலாக மாற்று நிலம் எந்தப் பாறையில் கிடைக்கும், யானை வழியில் கிடைக்குமா, தண்ணீர் இருக்குமா என்பதெல்லாம் சட்டத்துக்குள் வராத கேள்விகள். 1975-இல் பிறந்த குழந்தைக்கு இன்று பேரப்பிள்ளை இருக்கும். அந்தப் பேரப்பிள்ளையின் எடையைத்தான் அங்கன்வாடியில் போட்டுக் குறைவு என்று எழுதுகிறார்கள்.

காட்டின் கதை இதோடு சேர்ந்தே ஓடுகிறது. ஜன்மிகளின் காடுகளை 1971 சட்டத்தின்படி அரசு எடுத்துக்கொண்டது. அதற்கு முன்னும் அதை ஒட்டியும் மரம் ஏராளமாக வெட்டப்பட்டது. அட்டப்பாடியின் மேற்குப் பகுதியில் மழை கொட்டும். கிழக்கே சோலையூர், ஆனைகட்டிப் பக்கம் மழைமறைவு. பெய்வது அதில் சிறு பங்குதான். மரம் போனதும் கிழக்குச் சரிவுகளில் மேல்மண் அடித்துக்கொண்டு போனது, ஓடைகள் வற்றின. 1972 வனவிலங்குச் சட்டத்துக்குப் பிறகு சின்ன வேட்டைகூடக் குற்றம். காட்டைக் காப்பது அவசியம் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் முயலும் பன்றியும் தட்டில் இருந்து போன இடத்தில் வேறு புரதம் எதையும் யாரும் வைக்கவில்லை. இப்போது அதே பன்றி கொல்லைக்கு வந்து கிழங்கைத் தோண்டுகிறது, யானை ராகியை மேய்கிறது. முன்பு ஊரே சேர்ந்து விதைத்த பெரிய கொல்லைக்கு ஊரே பரண் கட்டிக் காவல் இருந்தது. இன்றைக்கு அரை ஏக்கரில் தனியாக ராகி போடுகிறவர் ராத்திரி முழுக்கக் கண்விழித்துவிட்டுக் காலையில் கூலிக்குப் போக முடியாது. ஆகவே ராகியை விடுவார், அல்லது நிலத்தை வாழைக்குக் குத்தகைக்கு விடுவார். வாழைத்தோப்பில் களைக்கொல்லி அடிப்பார்கள், அதோடு கீரையும் போகும். 2006 வன உரிமைச் சட்டத்தின் கீழ் பட்டா கிடைத்த வீடுகள் உண்டு. அங்கும் விலங்கைத் தடுக்க வேலியும் காவலுக்கு ஆளும் இல்லாவிட்டால் பட்டா இருந்து என்ன பயன்?

பல அறிக்கைகள் தொடாமல் போகிற ஒரு காரணம் இருக்கிறது: சாமை குத்துவது. ராகியை நேராக அரைத்துவிடலாம். சாமைக்கு உமி கெட்டி. காயவைத்து, லேசாக வறுத்து, உரலில் போட்டு உலக்கையால் குத்தி, முறத்தில் புடைத்து, மறுபடி குத்தி, மறுபடி புடைத்து என்று ஒரு வேளைச் சோற்றுக்கு ஒரு பெண் காலைப்பொழுதையே செலவழிக்க வேண்டும். வீட்டில் இரண்டு மூன்று பெண்கள் இருந்து, வேலையும் சொந்தக் கொல்லையில் இருந்த காலத்தில் அது முடிந்தது. எட்டு மணிக்குத் தோட்டத்து ஜீப்பில் ஏற வேண்டிய பெண்ணால் முடியாது. ரேஷன் அரிசி என்றால் கழுவி உலையில் போட வேண்டியதுதான். "பழைய சாப்பாட்டை மறந்துவிட்டார்கள், விழிப்புணர்வு தேவை" என்று கூட்டம் போட்டுப் பேசுகிறவர்கள் இந்த உரலைத் தூக்கிப் பார்த்தால் நல்லது. இருபது வீட்டுக்கு ஒரு சின்னச் சாமை மில் வைத்துக் கொடுப்பது, நூறு விழிப்புணர்வு முகாமைவிட மேலான வேலை. இதோடு பிள்ளைகளின் விடுதியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சின்ன வயதிலேயே பழங்குடி விடுதியில் சேரும் பிள்ளை அங்கே சோறும் சாம்பாரும் தின்று வளர்கிறது. விடுமுறைக்கு வீட்டுக்கு வந்தால் களி இறங்குவதில்லை, எந்தக் கீரையைப் பறிக்கலாம் என்று பாட்டியின் பின்னால் அலைந்து பழகவும் நேரமில்லை.

இனி கூலி. நிலம் போன வீட்டுக்கு மூன்று வழி: குடியேறிகளின் தோட்டத்தில் வேலை, கோவைப் பக்கம் போய்க் கட்டிட வேலை, அரசு வேலைத் திட்டங்கள். அட்டப்பாடியில் 1990-களின் நடுவில் ஜப்பான் கடனுதவியோடு அஹாட்ஸ் என்ற பெரிய திட்டம் தொடங்கியது, சூழலை மீட்பதற்கு. தடுப்பணை, மரநடவு, வீடு கட்டுவது என்று ஊர்களுக்கு நிறையக் கூலி வேலை வந்தது. மொட்டைச் சரிவுகளில் பச்சையும் திரும்பியது, அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் தானிய விவசாயம் அதன் மையமாக இருக்கவில்லை. 2010-ஐ ஒட்டித் திட்டம் முடிந்துபோனதும் கூலியும் நின்றது, திரும்பிப் போக ராகிக் கொல்லையும் இல்லை. அதற்குப் பின் ஒன்றிரண்டு வருஷத்தில் குழந்தைகள் இறந்த செய்தி வருகிறது. ஒன்றுக்கு ஒன்று நேர்க்காரணம் என்று நான் அடித்துச் சொல்லவில்லை. ஆனால் காசை நம்பியே சாப்பிடும் வீட்டில் காசு நின்றால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியாது.

அதன் பின் வேலை உறுதித் திட்டத்தின் 100 நாளோடு, பழங்குடிக் குடும்பங்களுக்கு இன்னொரு 100 நாளை மாநில அரசே தன் பணத்தில் சேர்த்தது. டிரைபல் பிளஸ் என்று பெயர். 2024-25-இல் கேரளத்தில் அந்தத் திட்டக் கூலி நாளுக்கு 346 ரூபாய். தொகையைவிட அது எப்போது கைக்கு வருகிறது என்பதுதான் பெரிய சிக்கல். ஒரு மாதம் செய்த வேலைக்கு இரண்டு மூன்று மாதம் கழித்துக் காசு ஏறினால், அதுவரை கடையில் கடன். ஆனி, ஆடி, ஆவணி மழைக்காலத்தில் தோட்ட வேலையும் குறைவு, ஓடை பெருகினால் வழியும் அடைபடும். பழைய நாளில் இந்த மாதங்களைத் தாண்டத்தான் பண்டாரியிடம் தானியம் இருந்தது. இப்போது அந்த இடத்தில் கடைக்காரரின் நோட்டு இருக்கிறது. வருஷத்தில் ஒன்பது மாதம் சமாளிக்கும் வீடு மூன்று மாதம் தடுமாறினால், அந்த மூன்று மாதம் வயிற்றில் இருந்த குழந்தைக்கு அது போதும். வருஷச் சராசரி எடுத்துப் பார்க்கும் கணக்கில் இது தெரியாது.

கடைவீதிக்கும் ஊருக்கும் உள்ள உறவையும் சொல்ல வேண்டும். கடை, ஜீப், தோட்டம், வட்டி எல்லாம் பெரும்பாலும் வெளியாட்கள் கையில். 2018 பிப்ரவரியில் அட்டப்பாடியின் முக்காலி என்ற ஊரில், கடையில் அரிசி திருடினார் என்று சொல்லி மனநலம் குன்றிய பழங்குடி இளைஞர் ஒருவரைப் பிடித்துக் கட்டி அடித்தார்கள். அன்றைக்கே அவர் இறந்தார். 2023 ஏப்ரலில் மண்ணார்க்காடு சிறப்பு நீதிமன்றம் 14 பேரைக் குற்றவாளிகள் என்று தீர்ப்பளித்தது. காட்டில் தனியாகத் திரிந்த ஒரு மனிதன் எடுத்ததாகச் சொல்லப்பட்டது கொஞ்சம் அரிசி. தானியத்தை விளைவித்துத் தின்ற சமூகம் இன்று கடைவீதியில் எந்த நிலையில் நிற்கிறது என்பதை நான் இதற்கு மேல் விளக்க வேண்டியதில்லை.

குடிக்கு வருகிறேன். குடி இருக்கிறது, கொடுமையாகவே இருக்கிறது. கூலிநாள் மாலையில் பாதிக் காசு போய்விடும் வீடுகள் உண்டு. இதை வெளியில் இருந்து யாரும் கண்டுபிடித்துச் சொல்லவில்லை. அந்த ஊர்ப் பெண்களே தாய்க்குல சங்கம் என்று சேர்ந்து, சாராயத்தைத் துரத்தப் போராடினார்கள். 1990-களின் நடுவிலேயே அட்டப்பாடியில் மதுவிலக்கு வந்தது. விலக்கு வந்ததும் கள்ளச்சாராயம் வந்தது. எல்லையைத் தாண்டினால் தமிழ்நாட்டுக் கடை. அந்தக் கடைக்கு எதிராகவும் இந்தப் பெண்கள்தான் ஆனைகட்டிக்கு வந்து உட்கார்ந்தார்கள். ஆகவே குடியைப் பற்றிப் பேச வேண்டுமானால் அவர்களோடு சேர்ந்து பேசுங்கள். "குடிக்கிறார்கள், அதனால் பட்டினி" என்று அதோடு முடித்துக்கொண்டால் நிலத்தைப் பற்றியும் கூலியைப் பற்றியும் பேச வேண்டிய தேவையே இல்லாமல் போகிறது. அந்தப் பேச்சு இவ்வளவு பரவலாக இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது.

உடம்பின் பக்கம் ஒரு விஷயம் தனியாகக் கவனிக்க வேண்டும். இந்தச் சமூகங்களில், ரத்தச் சிவப்பணு அரிவாள் போல வளைந்துபோகும் அரிவாள் அணு ரத்தசோகை பரம்பரையாக இருக்கிறது. சத்துக்குறைவால் வரும் ரத்தசோகையும் அதோடு சேர்ந்தால் கர்ப்பிணியின் நிலை இரண்டு மடங்கு மோசமாகும். எல்லோருக்கும் ஒரே மாத்திரை கொடுத்துவிட்டு வர முடியாது, யாருக்கு எது என்று பரிசோதித்துப் பார்க்க வேண்டும். இளவயதுத் திருமணமும், கடைசிப் பந்தியில் மிஞ்சியதைத் தாய் சாப்பிடுவதும் இதோடு சேரும். தேசியக் குடும்பநல ஆய்வின் ஐந்தாவது சுற்றில் (2019-21) இந்தியப் பழங்குடிப் பெண்களில் 64.6 விழுக்காட்டினருக்கு ரத்தசோகை. எல்லாப் பெண்களையும் சேர்த்தால் 57. ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள் நாடு முழுக்க 35.5 விழுக்காடு, பழங்குடிக் குழந்தைகளில் 40.9, கேரளத்தின் மொத்தக் கணக்கில் 23.4. கேரளத்தின் அந்த நல்ல சராசரிக்குள் அட்டப்பாடி மறைந்து கிடந்ததுதான் 2013 வரை நடந்தது.

அரசு ஒன்றும் செய்யவில்லை என்று சொன்னால் அது பொய். 2013-க்குப் பிறகு கேரள அரசின் பெண்கள் சுயஉதவி அமைப்பான குடும்பஸ்ரீ மூலம் ஊர்களில் சமூக அடுக்களைகள் தொடங்கினார்கள். கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார், குழந்தைகள், வயதானவர்கள் அங்கே சாப்பிடலாம், சமைப்பவர்களும் அந்த ஊர்ப் பெண்களே. எனக்கு மிகவும் பிடித்த திட்டம் இது. ஊர்ப் பெண்கள் ஊர்ச் சமையலாகச் செய்கிறார்கள், கர்ப்பிணி தன் பங்கை வீட்டில் மற்றவருக்கு விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை. ஆனால் நிதி தாமதமானால் அடுக்களை முட்டையை நிறுத்தும், பிறகு ஒரு வேளையைக் குறைக்கும். 2017-ஐ ஒட்டிச் சிறுதானிய கிராமம் என்ற திட்டத்தில் ராகியும் சாமையும் மறுபடி விதைக்கப்பட்டன, தரிசாகக் கிடந்த கொல்லைகள் உழப்பட்டன. இதுவும் நல்ல முயற்சி. ஆனால் விளைந்ததை அழகான பாக்கெட்டில் போட்டு நகரத்துக்கு விற்பதில் எல்லோருக்கும் ஆர்வம் அதிகம். நகரத்தில் சாமைக்கு நல்ல விலை. வீட்டில் காசுக்குத் தட்டுப்பாடு. சாமையை விற்று அரிசி வாங்குவதுதான் அந்த வீட்டுக்குக் கட்டுப்படியாகும். முதலில் வீட்டுக்கு ஒரு வருஷத் தானியம், அது போக மிஞ்சியதே சந்தைக்கு என்று திட்டத்திலேயே எழுதி வைக்க வேண்டும், வீட்டுக்கு வைத்துக்கொள்ளும் தானியத்துக்கும் ஊக்கத்தொகை கொடுக்க வேண்டும் என்பது என் கருத்து. அட்டப்பாடிக் கருப்பு ஆட்டின் கதையும் இதுவே. பேர்போன நாட்டினம், வீட்டுக்கு நாலைந்து இருக்கும், ஆனால் அதை அடித்துச் சாப்பிடுவது அபூர்வம். மருத்துவச் செலவு வந்தால் விற்கும் வங்கி அது.

மருத்துவமனை, சாலை, மொழி பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கோட்டத்தறையில் அரசு பழங்குடி மருத்துவமனை இருக்கிறது. சிக்கலான பிரசவம் என்றால் மலை இறங்கி வெளியூர் போக வேண்டும், கூடப் போகிறவருக்குக் கூலி போகும், சாப்பாட்டுச் செலவு ஏறும். உள்காட்டுக் குறும்பர் ஊர்களில் இன்னும் நடைதான். பள்ளியும் அலுவலகமும் மலையாளத்தில் நடக்கின்றன. வீட்டில் இருள மொழி பேசும் பாட்டிக்கு ஊட்டச்சத்து வகுப்பு மலையாளத்தில் எடுத்தால் தலையை ஆட்டிவிட்டு எழுந்து போவார்.

நீங்கள் களப்பணிக்குப் போவதால் ஒரு வேண்டுகோள். கையில் கொடுக்கும் படிவத்தில் "நேற்று எத்தனை வேளை சாப்பிட்டீர்கள்?" என்று இருக்கும். மூன்று வேளை என்று பதில் வரும், நீங்களும் எழுதிக்கொள்வீர்கள். அதோடு நிறுத்தாமல் வேறு சிலவற்றையும் கேளுங்கள். ரேஷன் அரிசி எத்தனையாம் தேதி தீர்ந்தது? கடைசியாக முட்டை எப்போது வாங்கினீர்கள், அதைச் சாப்பிட்டது யார்? ஆடி மாதம் கடையில் எவ்வளவு கடன் நிற்கும்? செய்த வேலைக்குக் காசு எப்போது வந்தது? தாத்தா காலத்துக் கொல்லை எங்கே இருந்தது, இப்போது அதில் யார் பயிர் செய்கிறார், காகிதம் யார் பேரில் இருக்கிறது? இந்தக் கடைசிக் கேள்விக்கு முதல் நாளே பதில் வராது, கேட்கவும் கூடாது. ஊருக்குள் போவதற்கு முன் மூப்பனைப் பார்த்து எதற்காக வந்திருக்கிறீர்கள் என்று சொல்லிவிடுங்கள். பெண்கள் கூலி முடிந்து திரும்பும் நேரம் தெரிந்துகொண்டு அப்போது போங்கள். பகலில் போனால் வீட்டில் இருப்பது வயதானவர்களும் குழந்தைகளும்தான். எழுதிய அறிக்கையை ஊர்க்கூட்டத்தில் அவர்கள் மொழியில் வாசித்துக் காட்டிவிட்டு அதன் பிறகு கல்லூரியில் கொடுங்கள்.